ஊதத் தெரிந்த பிள்ளையை ஊத விடுங்கள்: எங்கள் மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனை டீனுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கு,

உங்கள் மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில், மூச்சுப் பரிசோதனை அறைக் கதவில் ஒரு வரி ஒட்டியிருக்கிறது: "12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இங்கு பி.எஃப்.டி. செய்யப்படமாட்டாது." குழாயில் ஊத வைத்து நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் பரிசோதனைதான் பி.எஃப்.டி. போன ஆடியில் நான் முதலில் பார்த்தபோது அது ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய நோட்டுத் தாள். ஒரு பக்கம் டேப் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. சரி, ஆள் லீவில் இருப்பார்கள், வந்ததும் கழற்றிவிடுவார்கள் என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். தை மாதம் மறுபடி போனேன். அதே வரியை டைப் அடித்து, லேமினேட் செய்து, நாலு மூலையிலும் அழுத்தி ஒட்டியிருந்தார்கள். தற்காலிகமாக எழுதியதை யாரும் லேமினேட் செய்வதில்லை.

அடுத்த திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். பங்குனியில் உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. சிறு குழந்தைகளிடம் இந்தப் பரிசோதனையின் முடிவு நம்பத்தகுந்தது இல்லையாம், பணியாளர் பற்றாக்குறையும் உண்டாம், ஆகவே மனு முடித்துவைக்கப்படுகிறதாம். மொத்தமே மூன்று வரி. இரண்டாவது காரணத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். முதல் காரணத்தை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு வருகிற ஆனியில் ஐந்து முடிகிறது. எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு தறிக்கூடம். பஞ்சுத் தூசு ஜன்னல் கம்பியில் நரைத்த முடி மாதிரி படிந்திருக்கும்.

மகளுக்கு ஒன்றரை வயதில் முதல் வீசிங், அதாவது மூச்சு இழுப்பு, வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு மொபெட்டில் என் கணவர் ஓட்ட, நான் பின்னால் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஒவ்வொரு முறை மூச்சு இழுக்கும்போதும் கழுத்துக் குழி உள்ளே போவது என் கன்னத்தில் தெரிந்தது. மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் மாஸ்க் வைத்தார்கள், அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. "சளி கட்டியிருக்கும்மா, வேறொன்றுமில்லை" என்று அனுப்பினார்கள். அதற்கப்புறம் ஐந்தரை வருடம் இதேதான். மழை வந்தால் போவோம், ஆடிக் காற்று அடித்தால் போவோம், பக்கத்து வீட்டில் வெள்ளையடித்தால் போவோம்.

அந்த ஐந்தரை வருடச் சீட்டுகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு வைத்திருக்கிறேன். அரசு, தனியார் எல்லாம் சேர்த்து 41. ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் பரப்பி எண்ணிப் பார்த்தேன். 26 சீட்டில் ஆன்டிபயாடிக். 19இல் இருமல் சிரப். ஒன்பதில் டபிள்யூ.ஏ.எல்.ஆர்.ஐ. என்று எழுதியிருக்கிறது. அதாவது வீசிங்கோடு வந்த நெஞ்சுத் தொற்று. ஒன்றில் 'ஈஸ்னோபீலியா', அதாவது ரத்தத்தில் ஈஸ்னோபில் என்ற வெள்ளணு கூடியிருப்பது. ஒரு தனியார் கிளினிக்கில் கையில் ஊசி குத்தி, தடித்த இடத்தை ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, 'பிரைமரி காம்ப்ளக்ஸ், ஆறு மாதம் மாத்திரை' என்று எழுதினார்கள். காசநோய் மாத்திரை. நல்லவேளையாக அதை வாங்குவதற்கு முன்னால் இன்னொரு டாக்டரிடம் காட்டினோம், வேண்டாம் என்றார். 41 சீட்டில் ஆஸ்துமா என்ற சொல் ஒன்றில்கூட இல்லை.

அந்த சிரப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் சிரப்பைக் குடித்து 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் செத்துப்போனார்கள். அதன் பிறகு மத்திய அரசே சொன்னது: இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாக வேண்டாம் என்று. அந்தச் செய்தி வந்த ராத்திரி நான் மஞ்சப்பையை எடுத்து 19 சீட்டிலும் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்துமா என்ற சொல்லை ஏன் யாரும் எழுதவில்லை என்று பிற்பாடுதான் புரிந்தது. ஒருமுறை ஒரு டாக்டர் பேனாவைக் காகிதத்தில் வைத்துவிட்டு என்னையும் என் மாமியாரையும் பார்த்தார். மாமியார் முந்திக்கொண்டார். "பொட்டப்புள்ளைங்க. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணு இருக்குதுங்க. அந்தப் பேரெல்லாம் எழுதிப்போடாதீங்க." டாக்டர் சிரித்துவிட்டு 'வீசிங்' என்று எழுதினார். என் மாமியாரை நான் குறை சொல்லவில்லை. அவர் காலத்தில் ஆஸ்துமா என்றால் திண்ணையில் தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்திருக்கும் கிழவர்தான். டாக்டரும் பாவம், கையில் ஒரு எண்ணும் இல்லாமல் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டதை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தோடு எத்தனை நேரம் வாதாட முடியும்?

இப்போது உங்கள் முதல் காரணத்துக்கு வருகிறேன்.

போன ஆனி மாதம், அந்தத் தாள் ஒட்டப்படுவதற்கு முன்பு, என் மகள் அதே அறையில் ஊதியிருக்கிறாள். அங்கே அப்போது ஒரு நுட்புநர் அக்கா இருந்தார். சனிக்கிழமைகளில் குழந்தைகளைப் பார்ப்பார். முதலில் ஒரு காகிதச் சுருளைக் கொடுத்து மேஜையில் இருந்த பஞ்சு உருண்டையை ஊதித் தள்ளச் சொன்னார். அப்புறம் கம்ப்யூட்டர் திரையில் பிறந்தநாள் மெழுகுவத்திகள். "தங்கம், வயிறு முட்டக் காத்தை இழு. இழு இழு இழு. இப்ப ஒரே ஊது, அத்தனையும் அணையணும். விடாத, விடாத, இன்னும் ஒண்ணு இருக்கு பாரு!" அவர் சொல்லச் சொல்ல நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். முதல் மூன்று முறை சரியாக வரவில்லை. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது நன்றாக வந்தன. மூன்று கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படிந்ததைத் திரையில் காட்டினார். ஏழு வயதுப் பிள்ளையின் முடிவு நம்பத்தகுந்தது இல்லை என்று எனக்குப் பதில் எழுதியவர் அந்த மூன்று கோடுகளைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் பார்த்ததை விடுங்கள். அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2019இல் வெளியிட்ட ஸ்பைரோமெட்ரி (இந்த ஊதும் பரிசோதனைதான்) நெறிமுறையில், சரியாகச் சொல்லிக்கொடுத்தால் இரண்டரை வயதுக் குழந்தைகூட ஏற்கத்தக்க விதத்தில் ஊதும் என்று எழுதியிருக்கிறது. நடைமுறையில் ஐந்து, ஆறு வயதிலிருந்து செய்கிறார்கள். 12 என்ற எல்லை எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரிந்து எந்த நெறிமுறையிலும் அது இல்லை. பஸ்ஸில் அரை டிக்கெட் வயதைப் பார்த்து எழுதிவிட்டார்களோ என்று ஒரு சந்தேகம்.

குழந்தைக்கு ஊதத் தெரியாது என்பதைவிட, ஊத வைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார், அவரை மாற்றிவிட்டீர்கள் என்பதே உண்மை. அதை அப்படியே எழுதியிருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன்.

அன்றைய பரிசோதனை நார்மல் என்று வந்தது. அது தப்பில்லை. இழுப்பு இல்லாத நாளில் ஆஸ்துமாக் குழந்தையின் நுரையீரல் ஒன்றுமே தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும். அங்கிருந்த இளம் டாக்டர் இதைப் பொறுமையாகச் சொன்னார். "நார்மல்னு வந்ததால ஆஸ்துமா இல்லைன்னு ஆகாதும்மா. இழுப்பு இருக்கிறப்ப கூட்டிட்டு வாங்க. ஊத வச்சு, நாலு பஃப் மருந்து கொடுத்து, கால் மணி நேரம் கழிச்சு மறுபடி ஊத வச்சுப் பார்க்கலாம்." ஊதும் முதல் ஒரு விநாடியில் வெளியேறும் காற்று மருந்துக்குப் பிறகு 12%க்கு மேல் கூடினால் அது ஆஸ்துமாவுக்குப் பலமான சாட்சி. ஆடியில் இழுப்பு வந்தது. கூட்டிக்கொண்டு வந்தேன். கதவில் தாள்.

மார்கழியில் மறுபடி இழுத்தபோது வார்டில் அதே இளம் டாக்டரைப் பார்த்தேன். தலையைச் சொறிந்துகொண்டு, "பீக் ஃப்ளோ மீட்டர் ஒண்ணு வாங்குங்க" என்றார். மருந்துக் கடையில் சில நூறு ரூபாய். பிளாஸ்டிக் குழாய், அதன் மேல் நகர்ந்து ஊதும் வேகத்தைக் காட்டும் ஒரு சிவப்பு முள், அவ்வளவுதான். மார்ட்டின் ரைட் என்ற ஆங்கிலேயர் 1959இல் கொண்டுவந்த கருவியின் சின்ன வடிவம். காலையில் மூன்று முறை, சாயங்காலம் மூன்று முறை ஊத வைத்து, அதில் அதிகமானதை எழுதவேண்டும். பள்ளிக்கூட கிராஃப் தாளில் பதினான்கு நாள் வரைந்தோம். அவளே புள்ளி வைத்தாள்.

காலையில் நிமிடத்துக்கு 140 லிட்டர், சாயங்காலம் 190. மறுநாள் 150, 195. கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி ஏறி இறங்கியது. போகி அன்று காலை தெருவெல்லாம் பழைய பாயும் டயரும் எரிந்துகொண்டிருந்தபோது 110. நல்ல நுரையீரலில் காலைக்கும் மாலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பிரிட்டனின் வழிகாட்டியில் இந்த ஏற்ற இறக்கம் சராசரியாக 20%ஐத் தொட்டால் ஆஸ்துமா என்று எடுத்துக்கொள்கிறார்கள். உலக ஆஸ்துமா வழிகாட்டியில் குழந்தைகளுக்கு 13%க்கு மேல் போனாலே கணக்கு. என் மகளுக்கு 26 வந்தது. ஐந்தரை வருடமாக 41 சீட்டு சொல்லாததை ஒரு பிளாஸ்டிக் குழாய் இரண்டு வாரத்தில் சொல்லிவிட்டது.

பொங்கல் முடிந்ததும் கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே மூச்சுக்காற்றில் நைட்ரிக் ஆக்ஸைடு அளக்கும் கருவி இருக்கிறது. ஃபீனோ டெஸ்ட் என்கிறார்கள். (என் மாணவர்கள் உடனே கேட்பார்கள். சிரிப்பூட்டும் வாயு நைட்ரஸ் ஆக்ஸைடு. இது வேறு.) முதல் நாள் மதியம் போய் உட்கார்ந்தால், "காலையில என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்கள். பீட்ரூட் சாதம் என்றேன். பீட்ரூட், கீரை போன்றவற்றில் நைட்ரேட் அதிகம், அளவு கூடுதலாகக் காட்டும், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். போக வர பஸ் செலவு இரண்டு தடவை. மறுநாள் வெறும் இட்லி.

இந்தப் பரிசோதனையில் மூச்சை முட்டி முட்டி ஊதவேண்டாம். மெதுவாக, ஒரே சீராக, சின்னப் பிள்ளைகள் ஆறு விநாடி ஊதினால் போதும். திரையில் ஒரு மேகம். வேகமாக ஊதினால் மேலே ஓடிவிடும், தளர்ந்தால் கீழே விழும், இரண்டு கோட்டுக்கு நடுவே நிறுத்தவேண்டும். என் மகளுக்கு இது விளையாட்டு. மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஒவ்வாமை வகைப் புண்ணும் வீக்கமும் இருந்தால் அந்தச் சுவர் இந்த வாயுவைக் கூடுதலாக விடுகிறது. மனித மூச்சில் இந்த வாயு இருப்பதை 1991இல் ஸ்டாக்ஹோமில் கண்டார்கள். ஆஸ்துமாக்காரர்களின் மூச்சில் அது கூடுதல் என்பது 1993இல் தெரிந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, நேற்று முளைத்த வித்தை இல்லை. 12 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு நூறு கோடியில் 20 பங்குக்குக் கீழே இருந்தால் குறைவு, 35க்கு மேலே போனால் அதிகம். பிரிட்டன் 2024 நவம்பரில் வெளியிட்ட புது வழிகாட்டியில், ஐந்து முதல் 16 வயது வரை, ஆஸ்துமா மாதிரித் தெரியும் பிள்ளைக்கு முதலில் செய்யவேண்டிய பரிசோதனையே இதுதான். 35ஐத் தொட்டால் ஆஸ்துமா. என் மகளுக்கு 52. அன்றைக்கே பஃப் கொடுத்து ஊத வைத்ததில் 16% கூடியது.

வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டை மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அம்பத்திரண்டுங்கறது காய்ச்சல் நூத்திரண்டுங்கற மாதிரியா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் அத்தை என்றேன். "அப்ப மருந்து குடுத்தா இறங்குமா?" இறங்கும் என்றேன். அதற்கப்புறம் அவர் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. காலையிலும் ராத்திரியிலும் ஸ்பேசர் குழாயை வைத்து இன்ஹேலர் கொடுப்பது இப்போது அவர்தான். கொடுத்துவிட்டு வாய் கொப்பளிக்கச் சொல்வதும் அவர்தான். தை முதல் இன்று வரை நாங்கள் நெபுலைசர் அறைப் பக்கம் போகவில்லை. அந்த இன்ஹேலரை உங்கள் மருந்தகத்தில் இலவசமாகத்தான் வாங்குகிறேன், அதற்கு நன்றி. மருந்து உங்களிடம் இருக்கிறது. அது யாருக்குத் தேவை என்று கண்டுபிடிக்கும் கதவைத்தான் மூடி வைத்திருக்கிறீர்கள்.

எங்கள் கதை தனிக் கதை என்று நினைக்கவேண்டாம். உலகத்தில் ஆஸ்துமா உள்ளவர்களில் எட்டில் ஒருவர் இந்தியர். ஆனால் ஆஸ்துமாவால் சாகிறவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இந்தியர். இந்தியாவில் பல ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் விசாரித்து 2022இல் வெளியான ஆய்வில், வீசிங் இருக்கிறவர்களில் 82% பேருக்கு ஆஸ்துமா என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. என் மஞ்சப்பை அந்த 82க்குள் இருந்திருக்கிறது.

இந்தப் பரிசோதனைகளை நான் மந்திரக்கோல் என்று சொல்ல வரவில்லை. மூக்கு ஒவ்வாமை இருந்தாலே ஃபீனோ கூடும். ஒவ்வாமை இல்லாத வகை ஆஸ்துமாவில் கூடாமலும் இருக்கும். இன்ஹேலர் எடுத்துக்கொண்டிருந்தால் இறங்கிவிடும். சளி பிடித்திருந்தால் குழப்பும். டாக்டரின் காதும் கண்ணும் இல்லாமல் எண் மட்டும் எதையும் தீர்மானிக்காது. ஆனால் எண்ணே இல்லாமல் ஐந்தரை வருடம் தீர்மானித்ததன் லட்சணத்தை மேலே எழுதிவிட்டேன்.

என் மகனைப் பற்றியும் சொல்லவேண்டும், உண்மையில் இந்த மடலை எழுத வைத்தது அவன்தான். அவனுக்கும் இரண்டு வயதிலிருந்து வீசிங் வருகிறது. பார்க்கிறவர்களெல்லாம் கேட்பது ஒரே கேள்வி, "இவனுக்கும் அக்கா மாதிரியே வந்துடுமா?" எனக்கும் ராத்திரியில் அதே கேள்விதான். அமெரிக்காவில் டூசான் நகரத்தில் ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று வயதுக்குள் வீசிங் வந்த பிள்ளைகளில் 60% பேருக்கு ஆறு வயதில் அது இல்லை. ஆகவே வீசிங் வந்த பிள்ளைக்கெல்லாம் ஆஸ்துமா முத்திரை குத்துவதும் தப்பு. அந்த ஆய்விலிருந்தே 2000இல் ஒரு கணக்கு முறை வந்தது. அடிக்கடி வீசிங் வரும் பிள்ளைக்குத் தாய் தகப்பனில் ஒருவருக்கு ஆஸ்துமா இருக்கிறதா, பிள்ளைக்குத் தோலில் கரப்பான் (எக்ஸிமா) இருக்கிறதா, அப்புறம் மூக்கு ஒவ்வாமை, சளி இல்லாமலே வீசிங், ரத்தத்தில் ஈஸ்னோபில் என்று பார்க்கிறார்கள். என் கணவருக்குச் சின்ன வயதிலிருந்து இளைப்பு உண்டு. அதை ஆஸ்துமா என்று அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. மகனுக்கு முழங்கால் மடிப்பில் கரப்பான். கணக்குப்படி அவன் ஆபத்துப் பக்கம்தான் நிற்கிறான். ஆனால் இந்தக் கணக்கு 'வராது' என்று சொல்வதில் கெட்டி, 'வரும்' என்று சொல்வதில் அத்தனை கெட்டியில்லை.

அந்த இடத்தில்தான் மூச்சு உதவுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நெதர்லாந்தில் நான்கு வயதுப் பிள்ளைகளின் மூச்சில் நைட்ரிக் ஆக்ஸைடை அளந்து, எட்டு வயதில் அவர்களைப் பார்த்தார்கள். வெறும் குடும்பக் கதையை வைத்துச் சொல்வதைவிட, அந்த அளவும் ரத்தத்தில் ஒவ்வாமைச் சோதனையும் சேர்ந்தபோது கணிப்பு மேம்பட்டது. அதே நாட்டில் மாஸ்ட்ரிக்டில் இன்னும் ஒரு படி மேலே போய், பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளின் மூச்சிலுள்ள ஆவியாகும் நுண்வேதிப்பொருட்களைப் பிரித்துப் பார்த்து, ஆறு வயதில் யாருக்கு ஆஸ்துமா நிற்கிறது என்று ஒப்பிட்டார்கள். அதிலும் பலன் தெரிந்தது. ஆனால் அது இன்னும் ஆய்வுக்கூடத்து வேலை, ஓபியில் செய்கிற வேலை இல்லை. அதை இங்கே கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. நான் கேட்பது அதைவிட ரொம்பச் சின்ன விஷயம். அவனுக்கு ஐந்து வயது ஆகும்வரை வீசிங்கை யாராவது எண்ணிக்கொண்டு வரவேண்டும், ஐந்து முடிந்ததும் அவன் ஊதுவதற்கு ஒரு இடம் வேண்டும். ஐந்துக்குக் கீழே டாக்டரின் கணிப்பில் மருந்து கொடுங்கள், ஐந்தானதும் பரிசோதனை செய்து உறுதிப்படுத்துங்கள் என்றுதான் பிரிட்டன் வழிகாட்டியும் சொல்கிறது. இங்கே ஐந்திலிருந்து 12 வரை ஏழு வருடம் ஒரு லேமினேட் காகிதம் நிற்கிறது.

இனி, நான் கேட்பவை.

அந்தக் காகிதத்தை இந்த மாதத்துக்குள் கழற்றுங்கள். ஐந்து வயது முடிந்த பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலை பரிசோதனையைத் திரும்பத் தொடங்குங்கள். நுட்புநர் பணியிடம் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் வார்டில் இரண்டு ஸ்டாஃப் நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுங்கள். மாற்றிப் போன அந்த அக்காவை இரண்டு நாள் வரவழைத்தால் அவரே சொல்லிக்கொடுப்பார். பஞ்சு உருண்டைக்குச் செலவில்லை. சின்ன வாய்க்குப் பொருந்தும் மவுத் பீஸும் ஃபில்டரும் இருப்பில் இல்லை என்று அப்போதே அவர் சொன்னார், அதை வாங்கச் சொல்லி இண்டென்ட் போடுங்கள்.

குழந்தைகள் ஓபியில் இருபது பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கி வையுங்கள். அடிக்கடி வீசிங்கோடு வரும் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆளுக்கொன்றும், தமிழில் அச்சடித்த பதினான்கு நாள் அட்டையும் கொடுத்து அனுப்புங்கள். மவுத் பீஸ் பிள்ளைக்கு ஒன்று புதிது வேண்டும். அட்டையின் மாதிரி என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் தருகிறேன்.

ஃபீனோ கருவி விலை கூடியது. அதன் சென்சாரும் இத்தனை பரிசோதனைக்கு என்று கணக்கு வைத்துத் தீர்ந்துபோவது. எல்லா மருத்துவமனைக்கும் கேட்கமாட்டேன். மாவட்டத்துக்கு ஒன்று, அதுவும் உங்களிடம் இருந்தால் போதும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக அதை வாங்கச் சொல்லி நீங்கள் எழுத்தில் கேளுங்கள். 1994இல் அந்தக் கழகம் வந்த பிறகு மருந்துக் கொள்முதலை மற்ற மாநிலங்கள் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. ஒரு ஊதும் கருவி அதற்குப் பெரிய காரியம் இல்லை.

நெபுலைசர் அறையில் ஒரு பதிவேடு வேண்டும். பிள்ளையின் பெயர், தேதி, இது எத்தனையாவது முறை. வருடத்தில் மூன்றாவது முறை வந்தால் மாஸ்க் வைத்து அனுப்பிவிடாமல் ஆஸ்துமா கிளினிக்குக்குச் சீட்டு எழுதவேண்டும். ஐந்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு, ஐந்து முடியும் மாதத்தில் பரிசோதனைக்குத் தேதி குறித்துக் கொடுக்கவேண்டும். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் மத்திய அரசுத் திட்டமான ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரமின் நோய்ப் பட்டியலிலேயே பிள்ளைகளின் மூச்சுக்குழாய் நோயும் இருக்கிறது. பள்ளிகளிலிருந்து அப்படி அனுப்பப்படும் பிள்ளைகள் வந்து சேரவேண்டிய இடம் உங்கள் அறைதான்.

ஆஸ்துமா என்று தெரிந்தால் ஆஸ்துமா என்றே எழுதச் சொல்லுங்கள். மாமியார்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இதில் எதை எப்போது செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். 'நம்பத்தகுந்தது இல்லை' என்றே மறுபடி எழுதுவதானால், எந்த நெறிமுறையில் 12 வயது என்று இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆனி முடிந்ததும் வரும் முதல் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் மகனைக் கூட்டிக்கொண்டு அந்தக் கதவுக்கு முன்னால் நிற்பேன். வீட்டில் காகிதச் சுருளை வைத்து ஊதப் பழகிக்கொண்டிருக்கிறான். பஞ்சு உருண்டை இப்போதே மேஜையின் அந்தக் கோடி வரைக்கும் போகிறது.

இப்படிக்கு,
ஒரு தாய், அரசுப் பள்ளி ஆசிரியை